பாயின் வரியும் வேலியின் வளைவும்

ஸ்கேனரின் வெளிச்சம் ஒரு தடவை போய்த் திரும்பியது. நாள்காட்டித் தாளின் முதுகில் தங்கச்சி பென்சிலால் கீறியிருந்த எங்கள் வீட்டு வளவு திரையில் ஏறியது. கடல் பக்கத் தெரு, இரண்டு புறமும் அயலவர், நடுவே ஒரு வேலி. மற்றக் கோடுகளில் யாருக்கும் சண்டை இல்லை. அந்த வேலியில்தான்.

கல்முனைப் பெரிய தெருவில் ஒரு கடையில் அப்போது எனக்கு வேலை. கலியாணக் கார்ட், தோணி இலக்கம், கடைகளின் பெயர்ப்பலகை. கையால் கீறியதையும் மங்கிய படங்களையும் வெக்டர் கோடாக்கிக் கொடுப்பது என் பங்கு. கடல் வந்து போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. உம்மா போய்விட்டா. அவவின் அலுமாரியும், அதற்குள் கிடந்த காணி உறுதியும் போய்விட்டன. மூத்தவ ராத்தாவின் கலியாணத்துக்கு வீட்டோடு தெற்குப் பாதியை எழுதிக் கொடுத்த உம்மா, வடக்குப் பாதியைத் தங்கச்சிக்கென்று வைத்திருந்தா. இப்போது இரண்டு பாதியும் ஒரே மணல்.

வீடு கட்டித் தர வந்தவர்கள் ஒரே அளவில் ஒரு வரைபடம் வைத்திருந்தார்கள். வீடு அடங்குகிற வளவுக்கு வீடு. அடங்காதவர்களுக்கு உள்ளே, வயலுக்கு அப்பால் எங்கேயோ ஓர் இடம். வேலி நேரென்றால் தங்கச்சியின் பாதி ஒடுங்கி, வீடு அடங்காது. வளைந்ததென்றால் அடங்கும். கடலுக்கு முன்பே அவளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடுதான் வரும். வீடில்லாத பெண்ணை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. நாளைத் தள்ளிப்போடுவார்கள், அவ்வளவுதான்.

"அந்தப் பட்டன அமத்து மச்சான்" என்றார் ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான். கதிரை இருந்தும் உட்காரவில்லை. "அஸர் தொழுதிட்டுப் பள்ளி மரைக்காயர்மார் கயிறோட வளவுக்கு வந்திருவாங்க. பிரிண்ட்ட குடுத்தா அதப் பாத்து முளையடிப்பாங்க. வேல முடிஞ்சி."

அவர் சொன்ன பட்டனை நான் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அமத்துகிறவன். ஸ்கேன் செய்த படம் சின்னச் சதுரங்களின் கூட்டம். பெருப்பித்தால் மணலாக உதிரும். வெக்டர் அப்படியில்லை. இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி, நடுவே இழுத்துக் கட்டிய கயிறு. புள்ளிக்கு இரண்டு கைகள் உண்டு, கையைத் திருப்பினால் கயிறு வளையும். புள்ளி குறையக் குறையக் கோடு வழுவழுக்கும். எந்தப் புள்ளி வேண்டும், எது வெறும் நடுக்கம் என்று கணினியே தீர்மானிக்கத்தான் அந்தப் பட்டன்.

அமத்தினேன். கோடு ஒரு தரம் சிலிர்த்துப் படுத்தது. முன் முளையிலிருந்து பின் முளைக்கு ஒரே நேர்.

முதுகுக்குப் பின்னால் இருந்து தங்கச்சியின் குரல் வந்தது. "காக்கா, என்ட கிணறெங்க?"

திரும்பிப் பார்க்கவில்லை. அமத்தியதைத் திருப்பி எடுத்தேன். நடுக்கமெல்லாம் மீண்டும் வந்தது. வேலியின் நடுவில் தெற்கே புடைத்த அந்த வளைவும் வந்தது.

"கிணத்தடியச் சுத்தித்தான் வேலி போனது" என்றாள். "நான் குளிக்கக்குள்ள ராத்தாட வீட்டு ஆம்பிளையள் பாக்காம இரிக்க உம்மா வளைச்சது. கிணறு என்ட பக்கம்."

"கிணறு இப்ப மணல்" என்றார் மச்சான். குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நீ முகாமில பன்பாயில தாள வச்சிக் கீறினாய். பாரு, கோடெல்லாம் அலை அலையாக் கிடக்கு. ஓர் அலை வேலியெண்டா, மத்த அலையெல்லாம் என்ன? அதுகளும் உம்மா வளைச்சதா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பெருப்பித்துப் பார்த்தேன். கோடு முழுக்கச் சின்னச் சின்னக் குதிப்பு, எல்லாம் ஒரே இடைவெளியில். கையின் நடுக்கம் இப்படி ஒழுங்காக வராது. தாளுக்கு அடியில் கிடந்த பாயின் புல் வரிசையில் பென்சில் ஏறி ஏறி இறங்கியிருக்கிறது. பாயின் வரியைக் கழித்துவிட்டால் மிச்சம் வேலி. அந்த நேரத்தில் எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிந்தது.

"அந்தப் பாய எடுத்திட்டு வா" என்றேன்.

முகாம் பின் தெருப் பள்ளிக்கூடத்தில்தான். அவள் ஓடினாள். மின்சாரம் ஒரு தடவை இமைத்தது. மேசைக்கடியில் பெட்டரி கீச்சிட்டது. தொழுகைக்கு அதிக நேரம் இல்லை. மச்சான் சுவரில் தொங்கிய கார்ட்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். எல்லாம் கடலுக்கு முன் அடித்த கலியாணங்கள்.

பாய் வந்தது. பாய்க்குப் பின்னால், இடுப்பில் சின்னவனோடு ராத்தாவும் வந்தா. யாரும் அவவைக் கூப்பிடவில்லை.

மேசையில் பாயை விரித்துத் தாளை அதன் மேல் வைத்தேன். தாளின் ஓரம் தாண்டிப் பாயில் இழுபட்டிருந்த பென்சில் கரியைப் பார்த்துப் பார்த்து நகர்த்தினேன். ஒரு வரிக்கு ஒரு குதிப்பு. அடுத்த வரிக்கு அடுத்தது. ஒவ்வொன்றும் பொருந்திக்கொண்டே போய், வளைவு தொடங்குகிற இடம் வந்தது. அங்கே பாய் கிழிந்து தைத்திருந்தது. தடித்த நூலில் ஒரு முடிச்சு, புடைப்புக்குச் சரியாக அடியில்.

மச்சான் சிரித்தார். "பாயே சொல்லிட்டு."

"முடிச்சில பென்சில் குதிச்சது ஓம்" என்றாள் தங்கச்சி. கண் சிவந்திருந்தது, குரல் உடையவில்லை. "குதிச்ச இடத்தில வேலியும் வளைஞ்சா நான் என்ன செய்ய? முடிச்சக் கேட்டுத்தானா உம்மா வேலி கட்டின?"

வளைவு முடிச்சை விடப் பெரிதுதான். ஆனால் எவ்வளவு முடிச்சு, எவ்வளவு வேலி? எந்தக் கணினியும் அதைப் பிரித்துத் தராது. சுட்டெலியைப் பிடித்தபடி இருந்தேன். பட்டனை அமத்தினால் ஒரு சகோதரிக்கு இழப்பு, அமத்தாவிட்டால் மற்றவவுக்கு.

ராத்தா சின்னவனை மற்ற இடுப்புக்கு மாற்றினா.

"உங்களுக்கு நேர்க்கோடுதானே வேணும்?" என்று மாப்பிள்ளையைக் கேட்டா.

"ஓம். நேரெண்டா நாளைக்கும் பிரச்சினையில்ல."

"அப்ப நேராப் போடு தம்பி." குனிந்து, திரையின் கண்ணாடியில் விரலை வைத்தா. வளைவு தெற்கே ஆகக் கூடப் புடைத்த இடத்தில். "இந்தப் புள்ளியால போடு. முன்னுக்கும் நேர், பின்னுக்கும் நேர்."

மச்சானுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "உனக்கு விசரா புள்ள? நம்மட வீடு அடங்கினாலும் குசினி போயிரும். சின்னதுகள் மூணையும் வச்சிக்கிட்டு..."

"போகட்டும். கிணறில்லாத குசினி என்னத்துக்கு? உம்மா எனக்குத் தந்த வளவு. நீங்க வரக்குள்ள ஒரு பெட்டியோட வந்தீங்க, அது கடலோட போயிட்டு. குடுக்கிற நான், உங்களுக்கென்ன?"

"எனக்குக் கிணறு மட்டும் போதும் ராத்தா" என்றாள் தங்கச்சி.

"வாயப் பொத்து. ஒடுங்கின வளவில ஆரு வீடு கட்டித் தாற?"

விரல் இன்னும் கண்ணாடியில் இருந்தது. அதன் நுனியில் ஒரு புள்ளி வைத்தேன். முன் எல்லையில் ஒன்று, பின் எல்லையில் ஒன்று. நடுப் புள்ளியின் கைகளை மடக்கினேன். பாயின் வரி, முடிச்சு, நடுக்கம், உம்மாவின் வளைவு, எல்லாவற்றையும் தேர்ந்து அழித்தேன். என் தொழிலில் அவ்வளவு சுத்தமான கோட்டை நான் போட்டதில்லை. பிரிண்டர் இழுத்துத் துப்பியது. பாங்கு சொன்னார்கள். மச்சான் தாளை எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனார்.

மரைக்காயர்மார் தாளைப் பார்த்து முளையடித்தார்கள். கயிற்றின் ஒரு நுனியை மச்சான்தான் பிடித்திருந்தார். தொய்ய விடவில்லை. தங்கச்சியின் வீடு எழும்பியது, கலியாணமும் நடந்தது. ராத்தா தகரத்தின் கீழ் வெளியே சமைத்தா. அந்த வருடங்களில் மச்சான் என்னோடு கதைக்கவில்லை. பெருநாள் சாப்பாட்டில் கூட என் முன்னால் இருக்கிற உப்புச் சட்டியைத் தங்கச்சியிடம் கேட்டு வாங்குவார்.

யுத்தம் முடிந்த கிழமை கடை நிறையச் சனம். சிங்கக் கொடி வேண்டும், எல்லாருக்கும் உடனே வேண்டும். சந்தியில் துவக்குகளோடு நின்றவர்கள் ஒவ்வொரு கடையாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். யாரும் சத்தமாகக் கதைக்கவில்லை. ஒருவர் பத்திரிகையில் வெட்டிக் கொண்டுவந்த சின்னப் படத்திலிருந்து சிங்கத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். வாள் வளைந்தாலும் குற்றம், வால் குறைந்தாலும் குற்றம். வரிசை நகர்ந்து, மேசைக்கு முன்னால் மச்சான் வந்து நின்றார். அவருடைய அரிசிக் கடைக்கும் ஒன்று வேண்டும்.

திரையைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கச் சொன்னார்:

"அந்தப் பட்டன மட்டும் அமத்திராத மச்சான்."