வாசலில் நின்று சொன்ன சேதி

காலை ஆறு மணிக்கு ராமகுப்பத்தில் பஸ் ஏறினேன். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு பழைய நூல் சேலை, ஒரு டப்பா சுக்கு உருண்டை, ஒரு படி உளுந்து. மூன்றையும் சந்திரகிரியில் சேர்க்க வேண்டும். என்னை ஏன் அனுப்புகிறார் என்பதை முனியம்மா அக்கா ஒளிக்கவில்லை. வீட்டில் பட்டுப்புழுவுக்கு மல்பெரி இலை நறுக்குகிற ஐந்து பேரில் மிக மெதுவானவன் நான்தான்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் நான்கு வருடம் செய்தி எழுதிவிட்டு, கிராமத் தொண்டனாகப் பட்டுப்புழு வளர்ப்புப் பழக வந்தவன் நான். பயிற்சி ஆறு மாதம். தங்குவது கோவிந்தசாமி அண்ணன், முனியம்மா அக்கா வீட்டில். அவர்கள் எனக்குக் களியை மெல்லாமல் விழுங்கப் பழக்கினார்கள். பதிலுக்கு ஒருநாள் நான் தேங்காய்ப்பாலில் சொதி வைத்தேன். அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, சிலோன்காரர் பாயசத்தில் உப்பைப் போட்டுவிட்டார் என்று தெரு முழுக்கச் சொல்லி வந்தார்.

புழு வீட்டுக்குச் சட்டங்கள் உண்டு. சுருட்டுப் பிடித்தவர் நுழையக்கூடாது. அடுப்பில் மிளகாய் தாளிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளை பெற்ற வீட்டுத் தீட்டு பதினோரு நாள் அண்டக்கூடாது. எங்கள் ஊரில் இதைத் துடக்கு என்போம், கோயிலுக்குத்தான் ஆகாது. இங்கே புழுவுக்கும் ஆகாது.

அக்காவின் துயரம் இதில்தான் இருந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டும். மகள் ராணி ஏழாம் மாதமே வந்துவிட்டாள். ஆனால் மழை பிந்தியதால் இலை பிந்தி, முட்டை பொரித்ததும் பிந்தியது. கூடு எடுத்த பிறகு அழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு, மகளைச் சந்திரகிரியில் புருஷன் வீட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். இப்போது புழு நாலாவது ஜுரத்தில் கிடந்தது. தோலுரிக்குமுன் தின்னாமல் கிடப்பதை இங்கே ஜுரம் என்கிறார்கள். எழுந்தால் எட்டு நாள் இரவு பகலாகத் தின்னும். அக்கா அசைய முடியாது. பிள்ளை பிறந்திருந்தால் வாசலில் நின்றே கேட்டுவிட்டு வரும்படி எனக்கு மூன்று தடவை சொல்லி அனுப்பினார்.

வி.கோட்டாவில் பஸ் மாறி, ஒன்பதரைக்குப் பலமநேர். அங்கிருந்து சித்தூர் இருபத்தாறு மைல். பக்கத்தில் இருந்த இரண்டு வியாபாரிகள் எல்லைப் பிரிப்பில் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போவதையும் சத்தியவேடு ஆந்திராவுக்கு வருவதையும் பற்றித் தெலுங்கில் வாதாடினார்கள். கோபம் ஏறியதும் தமிழுக்கு மாறினார்கள். கண்டக்டர் இரு மொழியிலும் அவர்களை அடங்கச் சொன்னார். எங்கள் நாட்டில் பஸ்ஸின் எண் பலகையில் ஒரு சிங்கள எழுத்துக்காகத் தார் பூசி, அடிபட்டு, ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பகல் ஒன்றரைக்குச் சந்திரகிரி. கோட்டை மலைக்குக் கீழே இரண்டாவது தெரு. வாசலில் ராணியின் மாமியார் நின்றார். விடியற்காலை பெண் குழந்தை பிறந்ததாம். பூச்சி வீட்டு ஆள் உள்ளே வர வேண்டாம் என்று அவரே தடுத்துப் பையை வாங்கிக்கொண்டார். நான் கேட்க வேண்டியதைக் கேட்டுக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்: பிறந்த நேரம், தாய்க்குக் காய்ச்சல் இல்லை, பால் சுரந்தது.

உள்ளேயிருந்து ராணியின் குரல் வந்தது.

"எங்கம்மா வந்துக்கிறாளா?"

வரவில்லை, புழு ஜுரத்தில் கிடக்கிறது என்றேன்.

"புழுவயே பாத்துக்கினு இருக்கட்டும். நீயாவது உள்ள வாண்ணா. எங்கூட்டுப் பக்கத்துலேந்து ஒருத்தராவது பாக்க வாணாமா?"

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

அக்காவின் சேலையைக் கிழித்துக் குழந்தையைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். என்னைத் தடுத்த மாமியாரே பிள்ளையை என் கையில் கொடுத்தார். ஒரு தேங்காயின் கனம்கூட இருப்பதாகத் தோன்றவில்லை.

அன்றிரவு எட்டு மைல் தள்ளித் திருப்பதியில் ஒரு சத்திரத்தில் தங்கினேன். மறுநாள் பஸ் நிறைய மொட்டைத் தலைகள், சந்தனம் காயாமல். ஐந்து மணிக்கு வீட்டுத் தெருமுனையில் நின்று, உள்ளே போய்ப் பிள்ளையைத் தொட்டதைச் சொன்னேன். கோவிந்தசாமி அண்ணன் தலையில் கை வைத்தார். கப்பல் ஏறிப் பட்டுப் பழக வந்தவர் கூடு கட்டும் நேரத்தில் தெருவில் நிற்கப் போகிறாரே என்றார். அது உண்மை. கூடு கட்டுவதைப் பார்க்கத்தான் நான் வந்திருந்தேன். அந்தப் பதினோரு நாளும் எனக்குப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் பாய் போட்டார்கள்.

அக்கா என்னைத் திட்டவில்லை. ஒவ்வொரு மாலையும் இலை போட்டுவிட்டுச் சோற்றைக் கொண்டுவந்து தரையில் வைப்பார். பத்தடி தள்ளிப் போய் நிற்பார்.

"எப்டி கீறா?"

நான் குறிப்பைப் பார்த்துச் சொல்வேன். நேரம், பால், தலைமுடி, நிறம். கேட்டுவிட்டு அடுத்ததைக் கேட்பார்.

"என்னக் கேட்டாளா?"

கேட்டா, முதல் கேள்வியே அதுதான் என்பேன். பொய்யில்லை. அதோடு நிறுத்திக்கொள்வேன்.

ஐந்தாம் நாள் அவர் போகவில்லை.

"அப்புறம் இன்னா சொன்னா? நீ எதையோ முழுங்கற."

"புழுவையே பார்த்துக்கொண்டு இருக்கட்டும் எண்டு சொன்னா, அக்கா."

அவர் தெருவைப் பார்த்தபடி நின்றார். கையில் இலைச் சாறு பச்சையாகக் காய்ந்திருந்தது.

"சொல்லுவா. ஏன் சொல்ல மாட்டா," என்றார். முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "நான் போனா இன்னும் நல்லாக் கேப்பா. கேக்கட்டும்." பிறகு அடுத்த வேளை இலைக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தார்.

பன்னிரண்டாம் நாள் குளித்துவிட்டு உள்ளே போனபோது எல்லாக் கூடுகளும் மூடியிருந்தன. ஒன்றைக் காதருகே வைத்து ஆட்டிக் காட்டினார் அண்ணன். உள்ளே ஏதோ உருண்டது. நான் பார்த்த கூடு கட்டல் அவ்வளவுதான்.

நான்கு நாள் கழித்துக் கூடுகளைப் பிரித்தெடுத்தோம். அக்கா அவை விலைபோகும்வரை காத்திருக்கவில்லை. மறுநாள் சந்திரகிரி போகக் காலை ஆறு மணி பஸ்ஸுக்கு ஐந்துக்கே வந்து நின்றார். என் பயிற்சியும் முடிந்திருந்தது. குப்பம் ரயிலுக்கு எதிர்த் திசைப் பஸ் எனக்கு. அவரிடம் சொல்ல நான்கைந்து வாக்கியங்களை யோசித்து வைத்திருந்தேன். பஸ் வந்ததும் அவர் ஏறி, முன் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்தார். நான் கை காட்டியது அவருக்குத் தெரியாது.

பகல் ஒன்றரைக்கு ஜோலார்பேட்டை மேடையில் சென்னை வண்டிக்கு நின்றுகொண்டிருந்தேன். அக்கா இப்போது சந்திரகிரியில் அந்த இரண்டாவது தெருவில் நடந்துகொண்டிருப்பார். யாழ்ப்பாணத்தில் என் அம்மாவுக்கு நான் வரும் நாளை எழுதியிருக்கவில்லை. சொல்லாமல் போய் நின்றால் சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். அம்மாவுக்கு வேண்டியது அதுவல்ல, எண்ணிக்கொண்டிருக்க ஒரு தேதி.

தந்தி ஆபீஸ் எந்தப் பக்கம் என்று போர்ட்டரிடம் கேட்டேன்.