தொழுகைக்கு வைத்த தண்ணீர்

சமாதான காலத்தில் ஏ-ஒன்பது பாதை திறந்திருந்தபோது, அக்காவின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்காகக் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குப் பஸ்ஸில் போனேன்.

அதற்கு முந்தைய வருடம் விசுவமடுவில் உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டிருந்தது. நடை திரும்பிவிட்டது, சலம் மட்டும் தானாகப் போகாது, சிறுநீர்ப்பை தானாகச் சுருங்காது. நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, மெல்லிய குழாயை நானே உள்ளே விட்டுச் சலத்தை எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் தாதி கண்ணாடி வைத்துப் பழக்கித் தந்தார். கழுவாத கையால் குழாயைத் தொட்டால் கிருமி ஏறும், சலத்தை அடக்கி வைத்தால் கிட்னி பழுதாகும் என்று பயமுறுத்தியும் விட்டிருந்தார்.

என் உடம்பின் மீதே அருவருப்பாயிருந்ததால், வழியில் இந்த வேலையே வேண்டாமென்று நான் ஒரு கெட்டித்தனம் செய்தேன். காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை, போத்தலும் கொண்டுபோகவில்லை. சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். வரிசை நகரவேயில்லை. குடிக்காவிட்டாலும் சலம் சேர்ந்து, வெயில் ஏற ஏற அடிவயிறு கல்லாகியது. வியர்த்தது, தலை இடித்தது. கைப்பையில் குழாய் இருக்கிறது, சவர்க்காரம் இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை. பட்டுச்சேலையைக் கசக்கியபடி காலை மாற்றி மாற்றி நின்றேன். முன்னால் நின்று சிரித்துக் கதைத்தவர்கள் மீதெல்லாம் எரிச்சல் வந்தது.

எனக்குப் பின்னால் ஒரு முஸ்லிம் அம்மா நின்றார். முல்லைத்தீவில் திரும்பக் குடியேறிப் புடவை வியாபாரம் செய்கிறவராம்.

"என்ன தங்கச்சி, நிக்கேலாமல் நிக்கிறீங்கள்?"

வெட்கத்தை விட்டு அவர் காதில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பையிலிருந்து பெரிய போத்தலொன்றை எடுத்தார்.

"ஒளு செய்ய வச்ச தண்ணி. சுத்தமானது."

தொழுகைக்கு முன் கைமுகம் கழுவும் தண்ணீர் அது. எப்படி வாங்குவது? வேண்டாம் என்றேன்.

"தண்ணி இல்லாட்டி எங்களுக்கு மண்ணைத் தொட்டும் தொழலாம். உங்கட அலுவலுக்கு மண் சரிவருமே?"

பக்கத்திலிருந்த தகரக் கக்கூசுக்குக் கூட்டிப்போய் என் கையில் தண்ணீர் ஊற்றினார். பிறகு கொளுக்கியில்லாத கதவை வெளியே நின்று பிடித்துக்கொண்டார். குழாய் சரியாக இறங்கியது. சலம் போகப்போக எனக்கு அழுகை வந்தது. குழாயைக் கழுவியதோடு போத்தல் காலியாகிவிட்டது.

பஸ் புறப்படுமுன் அவரை மரநிழலில் கண்டேன். இரண்டு உள்ளங்கைகளையும் நிலத்தில் வைத்தெடுத்து முகத்திலும் கைகளிலும் தடவிக்கொண்டிருந்தார்.

முன்பின் தெரியாத ஒருத்தியின் சலத்துக்காகத் தன் தொழுகைத் தண்ணீரைத் தந்தவரை நினைக்கும்போது, என் உடம்பின் மீது எனக்கிருந்த அருவருப்பு இப்போது வருவதில்லை.