கூடைக்குள் கடல்மண்

சுனாமிக்கு இரண்டு வருஷம் கழித்து என் கழுத்தில் அந்த வலி வந்து உட்கார்ந்தது. வலது தோளில் ஆரம்பித்து விரல் நுனி வரை எரியும். மண்டபத்தூரில் மீன் சுமக்கிற எந்தப் பெண்ணுக்குத்தான் கழுத்து வலிக்கவில்லை என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவருக்கு வலித்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

காரைக்காலில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு நன்றாக இருந்தது. படத்தில் தெரியாவிட்டாலும் வலி பொய்யில்லை என்றார் டாக்டரம்மா. சுமையைப் பாதியாகக் குறைக்காவிட்டால் கை போய்விடும் என்று மிரட்டவும் செய்தார். வலி வந்தபிறகு இறக்காதே, வருவதற்கு முன்பே இறக்கி வை என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. கூடையை இறக்கிவிடலாம், மறுபடி தலையில் ஏற்ற இன்னொருத்தி வேண்டுமே!

வீட்டில் படத்தைப் பற்றி மட்டும்தான் பேச்சு. அதில் ஒன்றுமில்லை என்று தெருவெல்லாம் தெரிந்துபோயிற்று.

மீன் விற்கப் போகிற குரும்பகரத்தில் டெம்போவை விட்டு இறங்கியதும் என் கூடையைத் தூக்கிவிடுகிறவள் என் ஓரகத்தி, வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்தே தெருத்தெருவாகப் போவோம். அவள் கைக்குத் தராசு வேண்டாம். நான் பாதி மீனோடு போன முதல் நாளே, பூ விற்கப் போகிறாயா என்று கேட்டுச் சிரித்தாள். கழுத்து வலி என்றேன். மறுநாளும் சொன்னேன். மூன்றாம் நாள் மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

நான்காம் நாள், தூக்கிவிடுகிறவள் கைக்குப் பழைய கனம் தெரியட்டும் என்று மீனுக்கு அடியில் ஒரு பை கடல்மண்ணை வைத்தேன். பாதி மீன் என்றால் பாதித் தெருவோடு திரும்பிவிடலாம், அதுவரை பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் அவள் கூடை தீரும்வரை நானும் கூடவே சுற்ற வேண்டியிருந்தது. அவளுக்குத் தெரியாமல் மண்ணை வழியில் கொட்டவும் முடியவில்லை. நாள் முழுக்கச் சுமந்துவிட்டு ராத்திரி மாத்திரையை விழுங்குவேன். இப்படி ஐந்து மாதம். என்னைப்போல ஒரு கூறுகெட்டவள் உண்டா?

ஒருநாள் ஒரு வீட்டு வாசலில் வலது கை செத்துப்போனது. கூடை சரிந்து மத்தியும் மண்ணும் சிமெண்டுத் தரையில் கொட்டின. ஓரகத்தி குனிந்து மண்பையைத் தூக்கிப் பார்த்தாள்.

"வலிக்குதுன்னு சொல்லியிருந்தா நான் கேக்க மாட்டேனாடி?"

"மூணு நாளு சொன்னேன். நீதானக்கா சிரிச்ச."

அவள் அந்த வீட்டுக் குழாயடியில் உட்கார்ந்து ஒவ்வொரு மீனாகக் கழுவினாள்.

கை பாதிதான் திரும்பியது. கட்டைவிரலும் பக்கத்து விரலும் சேராது, மீன் அரிய கத்தி நிற்காது. வலி போகவில்லை, போகாது என்றும் சொல்லிவிட்டார்கள். எழுந்ததும் கடல் எப்படியிருக்கிறது என்று பார்க்கிற மாதிரி, கழுத்து எப்படியிருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன். பாதிக்கூடைதான். வலித்தாலும் வலிக்காவிட்டாலும் நாலு வீட்டுக்கு ஒருதரம் ஓரகத்தியே கூடையைப் பிடித்து இறக்கிவிடுவாள்.

தலைக்கு ஏற்றுவதற்கு முன்னால் அவள் மீனுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிப் பார்ப்பாள், தினமும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கையை அன்றைக்கே விட்டுப் பார்த்திருந்தால் என் விரல் இன்றைக்குக் கத்தி பிடிக்கும்.