விற்ற கோட்டைத் திரும்ப வாங்கியவள்

டாலஸில் ஒரு பெரிய கடையின் மூன்றாவது மாடியில் விசாலாக்ஷி ஃபர் கோட்டு விற்றாள். பக்கத்து ஊரான ஆலனில் இருக்கும் கோயிலுக்கு வரும் மாமிகளிடம் "விண்ட்டர் கோட் செக்‌ஷன்" என்று மட்டும் சொல்லிவைத்திருந்தாள். எதில் செய்த கோட்டு என்று அவர்களும் கேட்கவில்லை, மிங்க் என்ற கீரி மாதிரிப் பிராணியின் ரோமத்தோல் என்று இவளும் சொல்லவில்லை.

ரிச்சர்ட்சனில் இருந்த கம்பெனி கணவர் சந்தானத்தை வேலையிலிருந்து நீக்கி வீட்டுக்கு அனுப்பியபோது கிடைத்த வேலை அது. அப்புறம் அவருக்குத் தசை தளரும் நோய் வந்தது. மாதாமாதம் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற வேண்டும். இன்ஷூரன்ஸ் அவள் வேலையில்தான் ஓடியது.

வியாபாரம்தான் ஓடவில்லை. எண்ணெய்ப் பணக்கார வீட்டுக் கிழவிகள் ஒவ்வொருவராக முதியோர் இல்லத்துக்கும் கல்லறைக்கும் போனார்கள். அவர்களுடைய மகள்கள் கோட்டைத் தொடவே கூசினார்கள்.

புதிதாக வந்த மேனேஜர் க்ரிஷ், இங்கேயே கேட்டி என்ற ஊரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன், ஒரு வழி சொன்னான்.

"ஆன்ட்டி, நியூ ஃபர் இஸ் டெட். பழசுதான் இப்போ ட்ரெண்ட். உங்க ஓல்டு கஸ்டமர்ஸ் க்ளாசெட்ல எவ்ளோ இருக்கும்! கால் பண்ணுங்க. ஸ்டாக் வந்தா டிபார்ட்மென்ட் இருக்கும், நீங்களும் இருப்பீங்க."

விசாலாக்ஷி கூப்பிட்டாள்; கோட்டு வந்தால்தான் தன் வேலை நிலைக்கும் என்பதையும் சொன்னாள். யாருக்கு எந்த முழங்காலில் வலி, யார் மருமகளோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. டோரதி என்ற கிழவி, நாற்பதாவது கல்யாண நாளுக்குப் புருஷன் வாங்கித் தந்த மிங்க்கை, கழுத்துப் பக்கம் ஒருமுறை தடவிவிட்டு எடுத்துக் கொடுத்தாள்.

"அன்னிக்கு நைசாப் பேசி அவா தலையில கட்டினே. இன்னிக்கு நைசாப் பேசி உருவிண்டு வரே. பாவ புண்ணியமே கிடையாதாடி உனக்கு?" என்றார் சந்தானம்.

"உங்க இன்ஷூரன்ஸுக்குத்தான்னா இந்தப் பாவமெல்லாம். பேசாம ரசத்தைக் குடிங்கோ."

கோட்டுகள் விற்றுப்போயின. ஆனால் கடைக்கு யாரும் வரவில்லை. க்ரிஷ் அமர்த்திய ஒரு பெண் கோட்டை மாட்டிக்கொண்டு ஃபோன் கேமரா முன்னால் சுழன்றாள், அதைப் பார்த்தவர்கள் ஆன்லைனிலேயே வாங்கினார்கள். போட்டுப் பார்க்கும் நீளக் கண்ணாடியைக் கழற்றினார்கள். அப்புறம் க்ரிஷ் அவளைக் கூப்பிட்டனுப்பினான்.

"சேல்ஸ் ஃபுல்லா ஆன்லைன் ஆயிடுச்சு, ஆன்ட்டி. ஃப்ளோர்ல ஆள் வேண்டாம். பட் நீங்க கோட் கொண்டு வந்தா பீஸுக்கு இவ்ளோன்னு கமிஷன்."

"இன்ஷூரன்ஸ்?"

"அது ஃபுல்டைமுக்கு மட்டும்தான்."

"ஸ்டாக் வந்தா நானும் இருப்பேன்னு சொன்னியேப்பா."

"இருக்கீங்களே! ஃப்ரம் ஹோம்."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. நல்ல செய்தி சொல்கிற முகம்தான் வைத்திருந்தான்.

கார் நிறுத்துமிடத்தில் சாவியைத் துழாவும்போது டோரதி ஃபோன் செய்தாள். வழக்கமான ஆங்கிலப் பேச்சு.

"என் கோட்டு போயிடுச்சா?"

"போயிடுச்சு. சின்னப் பொண்ணு வாங்கினா."

"பொருத்தமா இருந்ததா?"

கோட்டை வாங்கியது யாரென்றே விசாலாக்ஷிக்குத் தெரியாது. "ரொம்ப நன்னா இருந்தது" என்றாள்.

கிழவி விஷயத்துக்கு வந்தாள். "எங்கம்மாவோட வெள்ளிநிற நரித்தோல் கோட்டு ஒண்ணு இருக்கு. குடுக்க வேண்டாம்னு வெச்சிருந்தேன். உன் வேலை நிலைக்கும்னா எடுத்துக்கோ. வேலை போயிடுமோங்கற பயம் இப்போ இல்லையே?"

"ஒரு பயமும் இல்லை" என்றாள் விசாலாக்ஷி. "நாளைக்கே வந்து வாங்கிக்கறேன்."