கேசட் கடைக்காரம்மா

நேற்று வெளியான கொரியப் பாட்டு ஆல்பத்தைப் போட்டு, மகள் இயர்போனை என் காதில் மாட்டிவிட்டாள். முதல் கிடார் ஒலியிலேயே திருத்தணி பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த எங்கள் கேசட் கடைக்குப் போய்விட்டேன்.

நைனா லாரி ஓட்டப் போய்விடுவார். கடையை அம்மாதான் பார்த்துக்கொண்டாள். புதுக் கேசட்டின் பிளாஸ்டிக் வாசனையும் எதிர்க்கடை போண்டா வாசனையும் அங்கே கலந்து கிடக்கும். எந்தக் கேசட் வந்தாலும் ஒரு தடவை முழுசாகக் கேட்ட பிறகே அம்மா விற்பாள்.

ஒருநாள் புதிதாக வந்த ஆங்கில ராக் கேசட்டைத் தேடி ஒரு கல்லூரி மாணவர் வந்தார்.

"பாட்டெல்லாம் எப்டிக்கா கீது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் ஓர் எழுத்துகூடத் தெரியாது. பள்ளிச் சீருடையில் பக்கத்தில் நின்ற எனக்கு உடம்பு கூசியது.

"மொத ரெண்டு பாட்டுல சும்மா கத்திகினு கீறான். மூணாவதுல அழுவுறான்பா. அவனுக்கு வேண்டியவங்க யாரோ செத்துட்டாங்க," என்றாள் அம்மா.

மாணவர் உறைக்குள் மடித்திருந்த தாளை எடுத்துப் படித்தார். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"செத்துப்போன தம்பிக்காகப் பாடினதுன்னு போட்டுக்கீதுக்கா."

"ஆங், அதான் சொன்னேனே," என்று அம்மா அடுத்த ஆளைக் கவனிக்கப் போனாள்.

மறுநாள் வகுப்பில் கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் இதைச் சொன்னேன். அதன் பிறகு கல்லூரிப் பையன்கள் அம்மாவிடம் கேட்காமல் எந்தப் புதுக் கேசட்டும் வாங்கியதில்லை.

"எப்படிம்மா இருக்கு?" என்றாள் மகள், என் காதிலிருந்து இயர்போனைக் கழற்றியபடி.

எனக்குக் கொரிய மொழி தெரியாது. ஆனாலும் மனதில் பட்டதைக் கூச்சமில்லாமல் சொன்னேன். நான் அந்தக் கடைக்காரம்மாவின் மகள்.