பதினாலு செல்லாது

பஸ் டிப்போவில் அவளுக்குப் பெயர் செட்டிங்ஸ் அக்கா. பலகையில் எந்த ஊர்ப் பெயர் ஓட வேண்டும், கதவு எத்தனை நொடியில் மூட வேண்டும், மணி எவ்வளவு சத்தமாக அடிக்க வேண்டும் என்று எல்லா பஸ்களின் அமைப்புகளும் ஒரே தரவுத்தளத்தில் இருந்தன. அதைக் கட்டிக்காப்பது அவள் வேலை. திரையில் அது அடுக்கிவைத்த கோப்புகள் போலத் தெரியும். வம்பே அதனால்தான். பார்த்தவர்களெல்லாம் கோப்பு என்று நினைத்து இழுத்தார்கள், பெயர் மாற்றினார்கள். ஒருமுறை டைம்கீப்பர் ஒன்றை இழுத்துத் தன் பக்கம் போட்டுக்கொள்ள, எல்லா பஸ்களின் பலகைகளும் ஒரே நேரத்தில் காலியாகிவிட்டன.

அக்கா ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு வழி செய்தாள். இனி யார் தப்பாகக் கைவைத்தாலும் உள்ளே ஒன்றும் அசையாது. ‘இந்தக் கோப்புச் செயல்பாடு செல்லாது’ என்று மட்டும் வரும். திரையில் செய்தி காட்டும் பெட்டி சின்னது, வாக்கியம் அடங்கவில்லை. பஸ் எண்ணையும் ‘செல்லாது’ என்ற ஒற்றைச் சொல்லையும் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை டைம்கீப்பர் பழக்கதோஷத்தில் பதினாலை இழுத்தார். ‘14: செல்லாது’ என்றது திரை. அவர் மைக்கைப் பிடித்து, பதினாலாம் நம்பர் இன்று போகாது என்று அறிவித்தார். அதன் டிரைவர் மகிழ்ச்சியோடு பின்சீட்டில் படுத்துவிட்டார். மற்றதாவது ஓடுமா என்று சந்தேகம் வந்து, டைம்கீப்பர் பதினைந்தை இழுத்தார். பிறகு பதினாறு. அக்கா வந்து சேர்ந்தபோது ஒன்பது பஸ்கள் நின்றிருந்தன. வாசலில் ஊரே திரண்டிருந்தது.

“யாரு சார் நிறுத்தச் சொன்னது?”

“நீங்கதாம்மா. உங்க கம்ப்யூட்டர்லதான் எழுதியிருக்கு.”

மேனேஜர் எதிரே நின்றதால் அவள் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கணவரிடம் யோசனை கேட்டாள். ‘முடியாது’ என்று போடச் சொன்னார். முடியாது என்று சொல்ல நீ யார் என்று மேனேஜர் கேட்பாரே என்றாள். ‘தவறு’ என்றார். யாருடைய தவறு என்று விசாரணை வைத்துவிடுவார்கள் என்றாள். கடைசியில் பெட்டியையே பெரிதாக்கி, வாயில் வந்ததை அப்படியே எழுதினாள்: ‘இது கோப்பு இல்லீங்க. இழுக்காதீங்க. பஸ் அதுபாட்டுக்குப் போகும்.’

மூன்று நாள் நிம்மதி. நாலாம் நாள் இருபத்திரண்டாம் நம்பருக்கு டயர் பஞ்சர். வண்டியை எடுக்க முடியாது என்றார் அதன் டிரைவர். டைம்கீப்பர் எதற்கும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, பஸ் போகும் என்று திரையைக் காட்டினார். டிரைவர் நேராக அக்காவின் அறைக்கு வந்து சாவியை மேஜைமேல் வைத்தார்.

“நீங்களே வந்து ஓட்டுங்கக்கா.”

அன்றே டைம்கீப்பரின் கம்ப்யூட்டரில் இழுக்கும் வசதியையே எடுத்துவிட்டாள். இப்போது அவர் தினமும் காலையில் அவள் அறைக்கு வந்து, இருபத்திரண்டு போகுமா என்று கேட்கிறார். அவள் ஜன்னலைத் திறந்து, கீழே நிற்கும் டிரைவரைக் கேட்டுச் சொல்கிறாள். பஞ்சரான நாளிலிருந்து டைம்கீப்பருக்கும் டிரைவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.