பொன்னுத்தங்கம் பார்க்காத அம்மன்

"அந்த முகம் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிக்குது" என்று யாராவது சொன்னால், அது சும்மா பேச்சுக்குச் சொல்வது என்றுதான் பொன்னுத்தங்கம் நாற்பத்திரண்டு வயது வரை நினைத்திருந்தாள். "என் உயிரை வாங்காதே" என்கிறோம். அதற்காக யாரும் உயிரை எடுத்துக் கையில் கொடுப்பதில்லையே, அந்த மாதிரி.

மற்றபடி அவள் மந்தமெல்லாம் இல்லை. ஒருமுறை போன வீட்டுக்கு மறுமுறை வழி கேட்க மாட்டாள். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவளை விருதுநகர் பேருந்து நிலையத்துக் கூட்டத்தில் கண்டுபிடித்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். ஆனால் கண்ணை மூடினால் இருட்டு. கண்ணை மூடினால் இருட்டாகத்தானே இருக்கும், இதில் என்ன அதிசயம் என்று இருந்துவிட்டாள்.

வம்பு 2006 ஆனி மாதம் தியான வகுப்பில் வந்தது. ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ராஜபாண்டியன் சார், சிவகாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஞாயிறு காலையில் வகுப்பு நடத்தினார். தங்கமான மனிதர், குரலும் அப்படியே.

"கண்ணை மூடுங்க. ஆனைக்குட்டம் அணை தெரியுது. தண்ணி தளும்புது. பாருங்க... நல்லாப் பாருங்க."

பொன்னுத்தங்கம் பார்த்தாள். ஆனைக்குட்டத்தையும் காணோம், தண்ணீரையும் காணோம். முடிந்ததும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் பிரீத்தி, மதகு மேல் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது என்றாள். ஒருவர் நீல ஒளி பார்த்தாராம். என்னமாய்ப் புளுகுகிறார்கள் என்று வியந்துகொண்டே, தன் முறை வந்ததும் "இருட்டுத்தான் சார்" என்றாள் பொன்னுத்தங்கம்.

மூன்று வாரம் இருட்டு. நான்காவது வாரம் சார் ரொம்பவும் கனிவாகச் சொன்னார்: "மனசுல அழுக்கு இருந்தா திரை விழுந்த மாதிரி இருக்கும்மா. போகப் போகச் சரியாயிரும்."

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாத்தனாரோடு கிரைண்டர் விஷயமாக ஒரு மனத்தாங்கல் உண்டு, அது நிஜம். அதற்காகவா சாமி வராது? இதே வகுப்புக்கு வருகிற அந்த நாத்தனாருக்கே போன வாரம் முருகன் மயிலோடு தெரிந்தானே! அடுத்த ஞாயிறு வாயைத் திறந்தாள், வந்துவிட்டது.

"அம்மன் வந்தா சார். கொட்டுற மழையில நிக்கா. தலைமுடியை விரிச்சு விட்டுட்டு, நனைஞ்சுக்கிட்டே சிரிக்கா."

பின்வரிசையில் ஒரு அம்மாள் அழுதேவிட்டாள். பட்டாசும் அச்சும் பிழைப்பாக இருக்கிற ஊரில், மழை என்றாலே வானத்தைத் திட்டுகிற ஊரில், மழையில் நனைகிற அம்மன்! பொன்னுத்தங்கம் வீடு வந்து சேருமுன் செய்தி அவள் கணவர் இராமகிருஷ்ணனின் காலண்டர் அச்சகத்துக்குப் போய்விட்டது.

இராமகிருஷ்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. வருஷா வருஷம் அதே லட்சுமி, அதே பிள்ளையார். புதிதாக ஒன்று கேட்டு ஏஜெண்டுகள் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். ஆடிப் பதினெட்டுக்குள் புது வருஷத்துச் சாம்பிள்களை வெளியிட வேண்டும். மழைக்கு ஏங்குகிற தஞ்சாவூர்ப் பக்கத்து ஏஜெண்டுகளுக்குப் போன் போட்டு 'மழை அம்மன்' என்று சொன்னதுமே அங்கே துள்ளிக் குதித்தார்களாம். படத்துக்குக் கீழே ஒரு வரி போடுவதென்றும் முடிவாகிவிட்டது: 'திருமதி பொன்னுத்தங்கம் தியானத்தில் கண்ட திருக்காட்சி.'

அந்த வரியைக் கேட்டதும்தான் அவளுக்கு உறைத்தது. மண்டபத்தில் சொன்ன பொய் மண்டபத்தோடு போயிருக்கும். இந்தப் படத்துக்கு இனிமேல் யார் யாரோ பொட்டு வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அதன் முன்னால் போய் நிற்பார்கள். நினைக்கவே பயமாக இருந்தது.

மறுநாளே ஓவியர் சங்கிலிமுத்து பென்சிலோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். ஊரில் பாதி வீட்டுச் சாமி அவர் கை வரைந்ததுதான்.

"அம்மன் எந்தப் பக்கம் பாத்து நின்னாம்மா?"

"இந்தப் பக்கம்."

"மூக்குத்தி?"

"இடது... இல்ல, வலது."

"மழை சாரலா, நேரா விழுகுதா?"

"ரெண்டுந்தான்."

சங்கிலிமுத்து பென்சிலைக் கீழே வைத்தார். "நீங்க ஒண்ணும் பாக்கல. அப்படித்தானே?"

பொன்னுத்தங்கத்துக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "எனக்கு மட்டும் எதுவுமே தெரிய மாட்டேங்குது அண்ணாச்சி. நான் என்ன பாவம் பண்ணேன்?"

"பாவமும் இல்ல, புண்ணியமும் இல்ல. எனக்கும் ஒண்ணும் தெரியாது."

"சும்மா சொல்லாதீக. எம்புட்டு சாமி வரைஞ்சிருக்கீக!"

"உள்ள பாத்து வரையுறதில்லம்மா. ஒரு கோடு போடுவேன். இது இல்லைன்னு படும், அழிப்பேன். சரியா விழுந்தா, இதுதான்னு பேப்பர்ல பாத்ததும் தெரிஞ்சிரும். என் வீட்டுக்காரி அப்படி இல்ல. கடையில பாத்த சேலையை வீட்டுக்கு வந்து கண்ணை மூடி இன்னொரு தடவை பாப்பா. முந்தானையில என்ன பூவுன்னு கேளுங்க, சொல்லுவா. மத்தவங்க நெசமாவே பாக்காங்கம்மா."

பொன்னுத்தங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்படியானால் பிரீத்தியின் கொக்கு நிஜக் கொக்கா!

இதை மனிதர்கள் ஆராயத் தொடங்கி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. காலையில் சாப்பிட்ட மேஜை மனக்கண்ணில் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று அந்தக் காலத்திலேயே ஒரு ஆங்கிலேயர் பலரிடம் கேட்டார். சிலருக்கு அச்சடித்த மாதிரி தெரிந்தது, சிலருக்கு மங்கல், சிலருக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றும் தெரியாத நிலைக்கு 'அஃபான்டேசியா' என்று பெயர் வைத்தது 2015-இல்தான். பாவம், பொன்னுத்தங்கம் அதற்கு ஒன்பது வருஷம் முந்திவிட்டாள்.

மத்தியானம் இராமகிருஷ்ணன் சாப்பிட வந்தார். இலையில் சோற்றை வைத்த கையோடு சொல்லிவிட்டாள்.

"நான் எந்த அம்மனையும் பாக்கலங்க. பொய் சொல்லிட்டேன்."

அவர் கை சோற்றிலேயே நின்றது. "யாருக்குத் தெரியப் போகுது? பேசாம இரு."

"எனக்குத் தெரியும்லா. படத்தைப் போடுங்க, வேண்டாங்கல. எம் பேரைப் போடாதீக. ஊரான் வீட்டுச் சுவத்துல எம் பொய் தொங்க வேண்டாம்."

"அந்த வரிக்காகத்தானே ஆர்டரே வந்திருக்கு, தங்கம்! கண்ணால கண்ட காட்சின்னாத்தான் ஒரு மதிப்பு." பிறகு ஏதோ தோன்ற, குரல் இறங்கியது. "ஒண்ணுமே தெரியாதா? நான் வெளியூர் போனா... எம் மூஞ்சி கூடவா?"

"உங்களை நினைப்பேன். மூஞ்சி வராது."

மனிதருக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. "நம்ம கல்யாணம்?"

"நடந்தது பூரா ஞாபகம் இருக்கு. படமாத்தான் வராது."

"எனக்கு இப்பவும் அப்படியே தெரியுதே." கண்ணை மூடிக்கொண்டார். "அரக்குப் பட்டு கட்டி, தலை குனிஞ்சு உக்காந்திருக்க. நெத்திச்சுட்டி ஒரு பக்கமாச் சாஞ்சிருக்கு."

அதைக் கேட்டுப் பொன்னுத்தங்கத்துக்கு உள்ளே குளிர்ந்தது. இத்தனை வருஷமாக இந்த மனிதர் தன்னைக் கண்ணுக்குள்ளே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாரே! ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அரக்கா? மாம்பழ மஞ்சள்லா!"

"அரக்கு. இந்தா கண்ணுக்கு எதுக்க நிக்குது."

அவள் பீரோவைத் திறந்து கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் விரித்தாள். மாம்பழ மஞ்சள். நெற்றிச்சுட்டி ஆணி அடித்த மாதிரி நடு நெற்றியில் இருந்தது.

இராமகிருஷ்ணன் கண்ணை மூடிப் பார்த்தார். திறந்து பார்த்தார். மறுபடி மூடினார். "எனக்கு இன்னமும் அரக்காத்தான் தெரியுது" என்றார் பரிதாபமாக.

பொன்னுத்தங்கம் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் இடது கையால் போனை எடுத்து அச்சகத்தைக் கூப்பிட்டார்.

"ஏலே காளிராஜ், மழை அம்மன் படத்துக்குக் கீழ அந்த வரி வேண்டாம். யார் பாத்ததுன்னும் போடாத. ஏஜெண்டுக கேட்டா, சங்கிலிமுத்து வரைஞ்சதுன்னு சொல்லு."